செங்கல், உப்பளம், கபடி: உழைத்த உடலும் ஆட்ட வாழ்வும்

அமெரிக்கக் கால்பந்தில் ஓடிச் சென்று பந்தைப் பிடிப்பவர் ‘வைட் ரிசீவர்’. அவர்களில் ஜெர்ரி ரைஸின் கணக்கு இன்னும் எவருக்கும் எட்டவில்லை: 1985 முதல் 2004 வரை 20 பருவங்கள், 1,549 பிடிப்புகள், 22,895 கெஜம். மிசிசிப்பியில் கொத்தனாரான தந்தையிடம் வேலை செய்தபோது செங்கல் பிடித்துப் பழகிய கைகள் அவை என்று அவரைப் பற்றி எழுதுவோர் தவறாமல் சொல்வார்கள். பொய்யல்ல, ஆனால் உடன்பிறந்தவர்களும் அதே செங்கல்லைத்தான் பிடித்தார்கள். ரைஸுக்கு வாய்த்தவை வேறு: பந்தெறியும் ஆட்டத்தையே நம்பிய கல்லூரிப் பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி, ஆண்டுதோறும் நடக்கும் வீரர் தேர்வு, கையெழுத்தான ஒப்பந்தம்.

இந்தச் செங்கல் கதையைத் தமிழகக் கடற்கரை ஊரான மரக்காணத்தின் உப்பளத்தில் உரசிப் பார்க்கலாம். பருவம் தொடங்குமுன் பாத்தியின் களித்தரையைக் காலால் மிதித்து இறுக்குகிறார்கள். பிறகு மழை வரும்வரை, வெயிலில் கண் கூசும் வெள்ளைக்கு நடுவே, உப்புநீரில் நின்றபடி பலகையால் வாரி வரப்பில் குவிக்க வேண்டும். வழுக்கும் தரையிலும் பிசகாத கணுக்கால் கபடிக்காரனுக்கும் வேண்டியதுதான். ஆனால் அதே நீர் பாதத்தை வெடிக்க வைத்துப் புண்ணாக்குகிறது. உழைப்பே வீரனை வார்க்கிறது என்று உருகுபவர்கள் இந்தப் பாதத்தைப் பார்ப்பதில்லை. உடல் வலுதான் காரணமென்றால் இக்கடற்கரை இந்திய அணிக்கு வரிசையாக ஆட்களை அனுப்பியிருக்க வேண்டும்.

தஞ்சை மாவட்டத் திருச்சனம்பூண்டிக்காரர் தர்மராஜ் சேரலாதனின் வாழ்வு, உடல் வலுவைவிடப் பிழைப்புக்கான வழியே ஆட்டக்காரனை நிலைக்க வைக்கிறது என்ற என் வாதத்துக்குத் துணை நிற்கிறது. கார்னரில் நின்று பிடிக்கும் தடுப்பாட்டக்காரர் அவர். 2014இல் புரோ கபடி லீக் பிறந்தபோது அவருக்கு வயது 39. பெரும்பாலானோர் ஆட்டத்தை விட்டிருக்கும் வயது. 2016இல் பாட்னா பைரேட்ஸ் அவர் தலைமையில் கோப்பையை வென்றது. அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அவர் அபூர்வ விதிவிலக்கு என்று மறுக்கலாம். ஆம், விதிவிலக்குதான். ஆனால் லீக் வருமுன் கபடிக்காரனுக்குச் சோறு போட்டது பரிசுத்தொகை அல்ல, ரயில்வே, வங்கி, காவல்துறை போன்றவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. மாதச் சம்பளம் இல்லாதவன் இருபத்தைந்து வயதிலேயே கூலிக்குத் திரும்பிவிடுவான். லீக் வரும்வரை அவனால் எப்படிக் காத்திருக்க முடியும்?

அத்தகைய நிலையான சம்பளம் இல்லாத உப்பளத் தொழிலாளிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையும் இல்லை. அந்த இடைவெளிக்குத் தமிழக அரசு 2022 முதல் 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. குடும்பத்தின் மூன்று மாதச் செலவுக்கு அது காணாது. ஆட்டத்தில் நிலைப்பதையும் விலகுவதையும் இந்த வரவு செலவுக் கணக்கே பெரிதும் முடிவு செய்கிறது. எனவே விளையாட்டு வரலாறு எழுதுவோர் வென்றவர்களின் இளமைக் கதைகளோடு நிறுத்தாமல், மரக்காணம் போன்ற ஊர்களில் ஆட்டத்தை விட்டவர்களையும் தேடிச் சென்று, எந்த வயதில், என்ன கூலிக்காக விட்டார்கள் என்று கேட்டுப் பதிய வேண்டும்.