கிரீந்திரசேகர் போஸின் கல்வியும் ‘இறக்குமதி உளவியல்’ என்னும் வாசிப்பும்

இந்திய உளவியலின் வரலாற்றை எழுதுவோர் பலரும் துர்கானந்த் சின்ஹா 1986இல் வகுத்துத் தந்த தடத்திலேயே செல்கிறார்கள். நவீனமயமாதலின் ஒரு கூறாக மேற்கிலிருந்து அப்படியே இறக்குமதியான துறை இது. விடுதலைக்குப் பின் பெருகியது. இம்மண்ணுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் முயற்சி கடைசியாகவே வந்தது என்பது அவர் வாசிப்பு. துறைகளின் பிறப்பை மட்டும் பார்த்தால் அதை மறுக்க இயலாது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கிய நரேந்திரநாத் சென்குப்தா, ஹார்வர்டில் மூன்ஸ்டர்பர்கிடம் பயின்றவர். மைசூரில் 1924இல் துறை கண்ட கோபாலசுவாமி, லண்டனில் ஸ்பியர்மனின் மாணவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் துறையைத் தொடங்கிய ஜி. டி. போவாஸ், ஆக்ஸ்போர்டில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். ஆயினும் துறையின் பிறப்பு வேறு, அதில் உருவான சிந்தனையின் பிறப்பு வேறு. இரண்டையும் சின்ஹா ஒன்றாகவே எண்ணிவிட்டார் என்பது என் கருத்து.

இதற்குச் சான்று உளப்பகுப்பாய்வாளர் கிரீந்திரசேகர் போஸின் கல்வி. 1887இல் பிறந்த அவர் 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மருத்துவம் பார்த்துக்கொண்டே சென்குப்தாவின் துறையில் சேர்ந்து 1917இல் முதுகலைப் பட்டமும், 1921இல் மன ஒடுக்கம் குறித்த ஆய்வுக்கு டி.எஸ்சி. பட்டமும் பெற்றார். (அத்துறை தொடங்கிய ஆண்டு 1915 என்றும் 1916 என்றும் நூல்கள் மாறி மாறிச் சொல்கின்றன, இரண்டில் ஒன்றைத் துணிய இடமில்லை.) பட்டங்கள் அனைத்தையும் போஸ் கல்கத்தாவிலேயே பெற்றார், கல்விக்காகக் கடல் கடக்கவில்லை. பிராய்டின் நூல்கள் கைக்கு வருமுன்பே ஏறத்தாழ அதே முறையில் நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கியதாக அவர் பின்னாளில் கூறினார். இதற்கு அவர் வாக்கைத் தவிர வேறு சான்றில்லை. ஆகவே என் வாதத்தை நான் அதன்மேல் கட்டவில்லை. மன ஒடுக்கம் குறித்த அந்த 1921ஆம் ஆண்டு ஆய்வு நூலே போதும். ஒவ்வொரு விருப்பத்துக்கும் நேரெதிரான விருப்பம் ஒன்று நனவிலியில் உடன் உறைகிறது என்ற கோட்பாட்டை அது முன்வைக்கிறது. இது பிராய்டிடம் கடன் வாங்கியதன்று. பிராய்டு அதை ஏற்கவும் இல்லை.

சின்ஹாவின் கால வரிசைக்குச் சற்றும் அடங்காதது, போஸ் 1929 ஏப்ரலில் பிராய்டுக்கு எழுதிய கடிதம். விதைநீக்க அச்சம் ஐரோப்பிய நோயாளிகளிடம் தெரிவதுபோல் இந்திய நோயாளிகளிடம் அவ்வளவு அழுத்தமாகத் தெரிவதில்லை என்றும், பெண்ணாக வேண்டும் என்னும் விருப்பம் இந்திய ஆண்களிடம் எளிதில் வெளிப்படுகிறது என்றும் அதில் அவர் எழுதினார். தம் கோட்பாட்டுக்கு வாகானதையே அவர் கண்டிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்: அவர் பார்த்தது ஒரு பெருநகர மருத்துவரிடம் வரக்கூடிய சிலரை, அதை இந்திய மனத்தின் இயல்பென்று விரிப்பது தவறு. ஆனால் நம் கேள்வி அவர் கண்டது சரியா என்பதன்று. இரு சமூகத்து நோயாளிகளையும் ஒப்பிட்டு, ஐரோப்பாவில் கண்ட முடிவு இங்கே செல்லுமா என்று ஒருவர் 1929இலேயே கேட்டுவிட்டார். கடைசிக் கட்டத்துக்கு உரியதாகச் சின்ஹா கருதும் கேள்வி இதுவே. 1922இல் நிறுவப்பட்ட இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் போஸின் வீட்டிலேயே கூடியது என்பதையும், அவர் கனவு பற்றி வங்காளத்தில் தனி நூல் எழுதினார் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிலிப்பீன்சின் விர்ஜிலியோ என்ரிக்கெஸை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். பிலிப்பீன்ஸ் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்று, அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் ஆய்வு செய்து, 1970களின் தொடக்கத்தில் நாடு திரும்பியவர் அவர். அமெரிக்க அளவுகோல்களைக் கேள்விக்கு உட்படுத்தி, ‘கப்வா’ (பிறரோடு பகிர்ந்துகொள்ளும் தன்னிலை) என்னும் தகாலோக் கருத்தை நடுவே வைத்து ஓர் உளவியலை எழுப்பினார். 1975இல் அதற்கெனத் தேசியச் சங்கம் கண்டார். முதலில் இறக்குமதி, பிறகு மறுப்பு, அதன்பின் சொந்த ஆக்கம் என்னும் வரிசை அவருக்கு இயல்பாகப் பொருந்துகிறது. போஸிடமோ கற்றலும் மறுத்தலும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. கடலூர், சிதம்பரம் வட்டாரக் கல்லூரிகளில் உளவியல் வரலாறு நடத்தும் ஆசிரியர்கள் சின்ஹாவின் கட்டங்களைக் கரும்பலகையில் எழுதும்போது, முதல் கட்டத்தின் எதிரிலேயே 1921, 1929 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் எழுதிவைக்க வேண்டும்.