பீச் ஸ்டேஷன்ல பீச் எங்கய்யா?

சென்னைக்கு வந்த புதுசுல நான் அடிச்ச கூத்து இது. வேலைக்குச் சேர்ந்து முதல் ஞாயித்துக்கிழமை. தாம்பரத்துல எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினேன். கடைசி ஸ்டேஷன் பேரு 'கடற்கரை'ன்னு போட்டிருக்கே, கண்ணை மூடிக்கிட்டு அங்க போய் எறங்கினா கடலைப் பாத்துடலாம்னு ஒரு கணக்கு. எறங்கி வெளிய வந்தா பர்மா பஜார், வரிசையா லாரி, அந்தப் பக்கம் துறைமுகத்து மதில். பழம் வித்துக்கிட்டிருந்த அம்மாகிட்ட "பீச்சுக்கு எப்படிங்க போகணும்?"னு கேட்டேன். என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "பஸ்ஸு புடிச்சு அண்ணா சமாதியாண்ட எறங்குப்பா"ன்னாங்க.

அன்னிக்கு அசடு வழிஞ்சதோட விட்டிருக்கலாம். ஆனா கேள்வி மட்டும் மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பீச்சே இல்லாத இடத்துக்கு எவன்யா பீச்னு பேரு வெச்சது?

அந்த ஸ்டேஷன் வாசல்ல இருக்கிற ராஜாஜி சாலையோட பழைய பேரு ஃபர்ஸ்ட் லைன் பீச். அதுக்குப் பின்னாடி தெருவுக்கு செகண்ட் லைன் பீச். பாரிமுனைப் பக்கம் பழைய ஆளுங்க இன்னும் அப்படித்தான் சொல்றாங்க. கடலைப் பாத்த முதல் வரிசை, ரெண்டாவது வரிசை. அவ்வளவுதான் அர்த்தம். பேரு சரிதான், கடல்தான் எடத்தைக் காலி பண்ணிட்டுப் போயிருக்கு.

ரெண்டு மூணு வருஷமா பழைய மெட்ராஸ் போட்டோ சேக்குறது நமக்கு ஒரு வியாதி. இந்த ஊரைக் கேமராவுல பிடிச்ச கதை ரொம்ப முன்னாடியே ஆரம்பிக்குது. ஃபீபிக்னு ஒரு ஜெர்மன்காரர் 1850-களோட தொடக்கத்துலயே இங்க வந்து படம் எடுத்திருக்கார். அவர் எடுத்ததுல நிறைய இப்ப லண்டன்ல பிரிட்டிஷ் நூலகத்துல இருக்கு. அதுக்கப்புறம் உள்ளூர் ஸ்டூடியோக்கள், போஸ்ட்கார்டுகள்னு ஏகப்பட்டது. போன மாசம் ஆணி கொஞ்சம் கம்மியா இருந்ததால, ஒரு இருபது படத்தை பிரிண்ட் எடுத்துக்கிட்டு, அதே இடத்துல நின்னு செல்போன்ல படம் எடுக்கலாம்னு கிளம்பினேன்.

முதல்ல கோட்டை. 1640-ல கம்பெனிக்காரங்க கட்ட ஆரம்பிச்சப்போ, கிழக்குச் சுவருக்கும் அலைக்கும் நடுவுல பெருசா ஒண்ணும் இல்ல. பழைய ஓவியங்கள்ல அலை கோட்டைக்கு முன்னாடியே வந்து உடையுது. கப்பலெல்லாம் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். ஆளு, சரக்கு, கவர்னரோட பொண்டாட்டி, அவங்க பியானோ எல்லாமே மசூலா படகுலதான் கரைக்கு வரணும். இந்தப் படகு ஒரு அற்புதமான டிசைன். பலகைகளைத் தென்னங்கயித்தால தச்சே செஞ்சது, ஒரு ஆணி கூட கிடையாது. ஆணி அடிச்ச படகு மெட்ராஸ் அலையில சிக்கினா பிளந்துடும். தச்ச படகு வளைஞ்சு கொடுக்கும். (ஆணியே இல்லாத பொழப்பு, கொடுத்து வெச்சவங்க :-))

இப்ப அதே கோட்டை வாசல்ல நின்னா முன்னாடி அகலமான ரோடு, அதுக்கப்புறம் கடற்படை வளாகம், துறைமுகம். கடலைக் கண்ணுல பாக்கணும்னா யார்கிட்டயாவது பாஸ் வாங்கணும்.

ஹைகோர்ட் வளாகத்துல ஒரு பெரிய கல்தூண் நிக்கிறது எத்தனை பேருக்குத் தெரியும்? அது 1844-ல கட்டின கலங்கரை விளக்கம். அதுக்கு முன்னாடி 1796-லேர்ந்து கோட்டைக்குள்ள, இப்ப மியூசியமா இருக்கிற கட்டடத்து மாடியிலதான் விளக்கு எரிஞ்சிருக்கு. 1892-ல ஹைகோர்ட் கட்டி முடிச்சதும், 1894-லேர்ந்து அதோட கோபுரத்து உச்சிக்கே விளக்கு போயிடுச்சு. 1977-லதான் இப்ப மெரினாவுல இருக்கிற நாலாவது விளக்கம் வந்தது. பழைய படத்துல அந்தக் கல்தூண் தனியா, கம்பீரமா நிக்குது. இன்னிக்கு எடுத்த படத்துல கோர்ட் கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் நடுவுல, கேஸ் முடியாம காத்திருக்கிற கட்சிக்காரர் மாதிரி நிக்குது. கடலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.

அடுத்தது ஐஸ் ஹவுஸ். 1842-ல கட்டினது. அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம் குளிர்காலத்துல ஏரியில உறைஞ்ச பனியை அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு, கப்பல்ல ஏத்தி நாலு மாசம் கடல்ல கொண்டு வந்து இங்க வித்திருக்கார் ஃப்ரெடரிக் டியூடர்ங்கிற வியாபாரி. நம்பவே முடியாத பிசினஸ் மாடல். கப்பல்லேர்ந்து மசூலா படகுல எறக்கி, கரையிலேர்ந்து உடனே உள்ள கொண்டு போகணும். அதனாலதான் கட்டடத்தைக் கடலோரமா கட்டினாங்க. அப்புறம் இங்கயே ஐஸ் தயாரிக்க ஆரம்பிச்சதும் வியாபாரம் படுத்துடுச்சு. கட்டடத்தை வாங்கின பிலிகிரி ஐயங்கார் காலத்துல, 1897 பிப்ரவரியில, விவேகானந்தர் ஒன்பது நாள் இங்க தங்கினார். 1963-லேர்ந்து அதுக்குப் பேரு விவேகானந்தர் இல்லம்.

கட்டடம் ஜம்முன்னு அப்படியே இருக்கு. அதோட வாசல்லேர்ந்து அலை வரைக்கும் நடந்து பாத்தேன். ரோட்டைத் தாண்டி, மணல்ல செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, ஏழெட்டு நிமிஷம் ஆச்சு. இன்னிக்கு டியூடர் ஐஸ் எறக்கினா ரோடு வர்றதுக்குள்ள பாதி தண்ணியாயிருக்கும்.

சரி, கடல் ஏன் நகர்ந்தது?

மெட்ராஸுக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. 1861-ல கடலுக்குள்ள நீட்டி ஒரு இரும்புப் பாலம் போட்டாங்க. அது போதல. 1875 டிசம்பர்ல, பின்னாடி ஏழாம் எட்வர்டா ஆன வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கரையிலேர்ந்து கடலுக்குள்ள ரெண்டு கல் கை நீட்டி அணைச்ச மாதிரி டிசைன். 1881-ல வேலை முடியுற நேரத்துல நவம்பர் புயல் வந்து போட்டுத் தாக்கிட்டுப் போயிடுச்சு. திரும்பவும் கட்டினாங்க. கிழக்கே பாத்திருந்த வாசல்ல அலையும் மணலும் படுத்தின பாட்டுல, 1904-ல பொறுப்புக்கு வந்த சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் அதை மூடிட்டு வடகிழக்குல புது வாசல் வெச்சார். (1912-ல மாசம் முப்பது ரூபா சம்பளத்துக்கு ராமானுஜன் கிளார்க்கா சேர்ந்தது இவர் ஆபீஸ்லதான்.)

இதுல யாரும் எதிர்பார்க்காத வேலையை மணல் பண்ணிச்சு. நம்ம கடற்கரையில மணல் சும்மா கிடக்கிறதில்ல. அலை சாய்வா வந்து அடிக்கிறதால கரையோரமாவே நகர்ந்துக்கிட்டே இருக்கு. தென்மேற்குப் பருவக்காற்று மாசக்கணக்குல வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவக்காற்று கொஞ்ச காலம் தெற்கே தள்ளும். வருஷக் கணக்கை நேர் பண்ணினா வடக்கேதான் நிறையப் போகுது. ஓடிக்கிட்டே இருக்கிற கன்வேயர் பெல்ட் மாதிரி. அதுக்குக் குறுக்கே நாம கல்லு சுவரை வெச்சாச்சு. சுவருக்குத் தெற்கே மணல் வந்து குவிய ஆரம்பிச்சது. கிராண்ட் டஃப் கவர்னர் 1884-ல நடைபாதை போட்டு, இத்தாலி ஞாபகத்துல 'மெரினா'ன்னு பேரு வெச்ச அந்தக் கரை, வருஷா வருஷம் அகலமாகிக்கிட்டே போச்சு. நாம சுண்டல் சாப்பிட்டுக்கிட்டே நடக்கிற அந்த மணல்வெளியில பெரும்பகுதி துறைமுகம் கொடுத்தது.

நேப்பியர் பாலத்துல நின்னு பாத்தா இது இன்னும் நல்லாப் புரியும். 1869-ல இரும்புல போட்ட பாலம், 1943-ல இப்ப இருக்கிற வில் வளைவு கான்கிரீட் பாலமாச்சு. 2022 செஸ் ஒலிம்பியாடுக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடிச்சாங்களே, அதேதான். போட்டோ எடுக்கிறவங்க எல்லாம் பாலத்தைத்தான் எடுக்கிறாங்க. கொஞ்சம் கேமராவைத் திருப்பி கூவம் கடல்ல சேருற வாயைப் பாருங்க. அங்கயும் மணல் வந்து அடைச்சுக்குது. வெட்டி விட வெட்டி விட மூடிக்குது. கூவம் நாத்தத்துக்கு நம்ம சாக்கடை காரணம்னு தெரியும். அது கடலுக்குள்ள போகாம தேங்கி நிக்கிறதுக்கு இந்த மணலும் ஒரு காரணம்.

இது வரைக்கும் எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஜோடி ஜோடியா படம் சேந்துடுச்சு. அடுத்த வாரம் வடக்கே போனேன், ராயபுரம் ஸ்டேஷன் படம் எடுக்க. 1856-ல தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்பின இடம். அந்தக் காலத்துல வரைஞ்ச படமும் இருக்கு, தூண் வெச்ச கட்டடமும் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சா அழகா பொருந்துது.

வேலை முடிஞ்சு, கடலையும் பாத்துட்டுப் போகலாம்னு காசிமேடு தாண்டி நடந்தேன். மெரினா மாதிரி மணல் கிடையாது. ரோட்டோரமா பெரிய பெரிய கருங்கல்லைக் கொட்டி வெச்சிருக்காங்க. அங்கங்க கடலுக்குள்ள தூண்டில் வளைவு. கல்லு முடிஞ்சா நேரா கடல். தெற்கே குவிஞ்ச மணல் எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல்தானே. அது வராததால இங்க அலை இருக்கிற கரையைத் தின்னுடுச்சு. ராயபுரத்துலேர்ந்து திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் இதே கதைதான்.

கல்லு மேல உக்காந்து வலை சிக்கெடுத்துக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் என் கையில இருந்த பிரிண்ட்டுகளைப் பாத்துட்டு "இன்னா தம்பி அது?"ன்னு கேட்டார். காட்டினேன். ஒவ்வொண்ணா பொறுமையாப் பாத்தார். கோட்டை, ஹைகோர்ட், ஐஸ் ஹவுஸ், ஸ்டேஷன்.

"எங்க ஊரு இல்லையா இதுல?"

எங்க இருந்துச்சு ஐயா உங்க வீடுன்னு கேட்டேன். பின்னாடி இருக்கிற குடியிருப்பைக் காட்டுவார்னு நினைச்சேன். கையை நேரா கடலுக்கு நீட்டினார். தூரத்துல ஒரு ஃபைபர் படகு போய்க்கிட்டிருந்துச்சு.

"அந்தப் போட்டு போவுது பாரு, அதுக்கு இந்தாண்ட. எங்கப்பா கட்ன வூடு. அதுக்கும் அந்தாண்ட எங்க தாத்தா வூடு இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. நான் பாக்கல."

மூணு தலைமுறை, மூணு வீடு. ஒவ்வொரு தடவையும் பின்னாடி பின்னாடி நகர்ந்திருக்காங்க. இப்ப பின்னாடி ரோடு. இந்தக் கரையில இருந்தவங்கள்ல சிலரோட பாட்டன் பூட்டன்தான் மசூலா படகு தள்ளி, துரைமாரை நனையாம கரை சேத்தது. துறைமுகம் வந்து அந்த வேலையும் போச்சு, அப்புறம் கரையும் போச்சு.

வீட்டுக்கு வந்து என்கிட்ட இருக்கிற ஃபோல்டர் பூராவும் தேடினேன். கோட்டைக்கு மட்டும் நாப்பது படம் இருக்கு. ஸ்பென்சருக்கு, ஹிக்கின்பாதம்ஸுக்கு, மூர் மார்க்கெட்டுக்கு எல்லாம் இருக்கு. மூர் மார்க்கெட் 1985-ல எரிஞ்சு போச்சு, ஆனா நமக்கு அதோட முகம் தெரியும். ஏன்னா யாரோ படம் எடுத்து வெச்சாங்க. வடக்குக் கடற்கரைக் குப்பங்களுக்கு, வீடும் தெருவும் தெரியுற மாதிரி, ஒண்ணு கூட இல்ல. கேமரா தூக்கிக்கிட்டு வந்த துரைமாருக்கு அங்க எடுக்க ஒண்ணும் இருந்ததா தோணல போல. மீனவர், கட்டுமரம்னு போஸ்ட்கார்டு போட்டிருக்காங்க. அதுல ஆளைத் தவிர பின்னாடி ஒண்ணும் தெரியாது.

பெரியவர் கை காட்டின திசையில ஒரு படம் எடுத்து வெச்சிருக்கேன். வெறும் தண்ணி. பக்கத்துல வைக்கப் பழைய படம் இல்ல.

மக்களே, உங்க வீட்டுப் பரண்ல, தாத்தா பாட்டி கல்யாண ஆல்பத்துல, காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் எடுத்தது ஏதாவது இருந்தா தேடிப் பாருங்க. ஆளுங்க பின்னாடி ஒரு ஓரத்துல தெரு தெரிஞ்சாலும் போதும். பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டறதா அவர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்.