பழைய பில்லா, காலி டெம்ப்ளேட்டா?

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் சிறு பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே எக்செல்லில் பில் போட இரண்டு வழிகள் உண்டு. போன வாரத்து பில்லைத் திறந்து, பெயரையும் தொகையையும் மாற்றி, வேறு பெயரில் சேமிப்பது ஒன்று. நிலையான விவரங்களை மட்டும் வைத்து, மற்ற கட்டங்களைக் காலியாக விட்ட டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்குவது இன்னொன்று. அச்சாகி வரும் தாள் இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பிழை எங்கே நுழைகிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

ஈரோட்டு வியாபாரிக்குப் போட்ட பில்லைப் பாலக்காட்டு வியாபாரிக்கு மாற்றுகிறார் ஊழியர். பெயர், முகவரி, பம்புகளின் எண்ணிக்கை எல்லாம் மாறிவிட்டன. ஜிஎஸ்டி எண்ணின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் 33 போய்க் கேரளத்தின் 32 வந்துவிட்டது. வரிப் பகுதியில் மட்டும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பழையபடியே நிற்கிறது. சரக்கு மாநில எல்லையைத் தாண்டினால் வரவேண்டியது ஐஜிஎஸ்டி. மொத்தத் தொகை சரியாகவே இருப்பதால் இது யார் கண்ணிலும் படாது. பிறகு சரியான தலைப்பில் வரியைக் கட்டி, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

டெம்ப்ளேட்டில் அந்த இடம் காலியாக இருக்கும். சரக்கு போய்ச் சேரும் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் உரிய வரி வரும்படி ஃபார்முலா அமைத்துவிடலாம். நிரப்பிய கட்டம் வேலை முடிந்ததாக நம்பவைக்கும். காலிக் கட்டம் கேள்வி கேட்கும். எச்எஸ்என் குறியீடு, 16 எழுத்துக்கு மிகாத தொடர் எண், கையொப்பம் என ஜிஎஸ்டி விதி 46 கேட்கும் விவரங்களுக்கெல்லாம் ஒருமுறை இடம் ஒதுக்கிவிட்டால் எதுவும் விடுபடாது.

பழைய கோப்பில் இன்னோர் ஆபத்தும் உண்டு. வேறு பெயரில் சேமிக்க மறந்தால் முந்தைய பில்லே அழிந்துபோகும். ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டிய ஆவணம் அது. எக்செல் டெம்ப்ளேட்டை இருமுறை கிளிக் செய்தால் புதிய பிரதிதான் திறக்கும். மூலம் அப்படியே இருக்கும்.

ஆனாலும் பழைய கோப்புக்கு ஒரு பலம் இருக்கிறது. இன்ன வாடிக்கையாளருக்கு எவ்வளவு தள்ளுபடி, எத்தனை நாள் கடன், லாரி வாடகை யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். டெம்ப்ளேட்டுக்கு அது தெரியாது. அதே தகவல் கொட்டேஷனில் ஒட்டிக்கொண்டு போனால், ஒருவருக்குக் கொடுத்த விலை இன்னொருவர் கைக்குப் போய்விடும் என்பதையும் மறக்கக்கூடாது.

பிழை பரவும் விதமும் வேறு. பழைய கோப்பில் நேரும் தவறு பெரும்பாலும் ஓரிரு பில்லோடு நிற்கும். டெம்ப்ளேட்டில் வங்கிக் கணக்கு எண்ணின் ஓர் இலக்கம் தவறினால் எல்லா பில்லிலும் தவறும். ஆனால் அதை ஒரே இடத்தில் திருத்தினால் அடுத்த பில் முதல் எல்லாம் சரியாகிவிடும். வரி விகிதம் மாறும்போதும் அப்படித்தான். திருத்தும் பொறுப்பை ஒருவரிடமே கொடுத்து, நிலையான கட்டங்களைப் பூட்டிவைப்பது அவசியம்.

என் தீர்ப்பு இதுதான்: பில், டெலிவரி சலான், கொட்டேஷன் மூன்றையும் டெம்ப்ளேட்டில்தான் போட வேண்டும். சிறப்பு ஒப்பந்தம் எழுதும்போது பழைய கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்க்கலாம்; அதன் மேலேயே எழுதக்கூடாது. அதில் நல்ல நிபந்தனை ஏதும் கிடைத்தால், அன்றைக்கே டெம்ப்ளேட்டில் சேர்த்துவிடுங்கள்.