பின் சீட் மட்டும் பாக்கி

மகன் வீட்டுக்கு மிச்சிகன் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் கார் ஷெட்டைத் திறந்து காட்டினார். உள்ளே 1964-ஆம் வருஷத்து பான்டியாக் ஜிடிஓ.

அந்தக் கார் பிறந்ததே ஒரு தந்திரத்தில்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1963-இல் பந்தயத்துக்குத் தடை போட்டது; நடுத்தரக் கார்களில் பெரிய இன்ஜின் கூடாது என்றும் விதி இருந்தது. ஜான் டிலோரியன் குழு, டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரில் 389 கன அங்குல இன்ஜினைப் பொருத்தியது. தனி மாடல் என்றால் மேலிடம் கேட்கும். அதனால் 'கூடுதல் வசதி' என்று விற்றார்கள். சாதாரணமாக 325 குதிரைத்திறன். மூன்று கார்புரேட்டர் போட்டால் 348. சுமார் 5,000 போகும் என்று நினைத்தது, முதல் வருஷமே 32,450 போயிற்று.

பெரியவர் வியட்நாம் போகுமுன் இதே காரை வைத்திருந்து விற்றவர். இப்போது வாங்கி, சிலிண்டரைக் கடைந்து, கேம்ஷாஃப்ட் மாற்றி, இன்ஜினை முன்னிலும் வேகமாக்கிவிட்டார். முன் சீட்டுகளுக்குச் சிவப்புத் தோலுறை, அவர் மனைவி வீட்டு மெஷினில் தைத்தது.

பின் சீட்டில் பழைய போர்வை விரித்திருந்தது. "எப்போது தைப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

"தைத்தவள் போய்விட்டாள். அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

ஆகஸ்டில் வுட்வார்ட் சாலையில் என்னை ஏற்றிக்கொண்டு ஓட்டினார். அந்தத் தையலில் கை வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.