எலியின் திருமணம்

எலியின் திருமணம் என்பது எலிக்கு ஏற்ற மணமகனைத் தேடுவதை நகைச்சுவையுடன் கூறும் பழங்கதை ஆகும். இது பஞ்சதந்திரத்தில் இடம்பெற்றுள்ளது. இதன் வேறு வடிவங்கள் ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளில் வழங்குகின்றன.

கதைச் சுருக்கம்

பருந்தின் பிடியிலிருந்து நழுவிய எலிக்குட்டி, நீராடும் முனிவரின் கையில் விழுகிறது. அவர் அதனைப் பெண் குழந்தையாக மாற்றி வளர்க்கிறார். மணப்பருவம் எய்திய மகளுக்குக் கதிரவனை மணமகனாக அழைக்கிறார். வெப்பம் மிகுந்தவன் என அவள் மறுக்கிறாள். கதிரவனை மறைக்கும் முகில், முகிலைக் கலைக்கும் காற்று, காற்றைத் தடுக்கும் மலை ஆகியோரையும் அவள் ஏற்கவில்லை. மலையைக் குடையும் எலியைக் கண்டதும் மகிழ்ந்து, தன்னை எலியாக மாற்றுமாறு வேண்டுகிறாள்.

பஞ்சதந்திரத்தில்

இக்கதை மூன்றாம் தந்திரமான சந்தி விக்கிரகத்தில் வருகிறது. ஆந்தைகளிடம் ஒற்றனாகப் புகுந்த காகம், அடுத்த பிறவியில் ஆந்தையாகப் பிறக்க விரும்புவதாகக் கூறுகிறது. பிறவிக் குணம் மாறாது என எச்சரிக்க, ஆந்தை அமைச்சர் ஒருவர் இக்கதையைச் சொல்கிறார். அவ்வெச்சரிக்கையைக் கேளாத ஆந்தைகள் அழிகின்றன. பஞ்சதந்திரத்தை மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையில் தாண்டவராய முதலியார் மொழிபெயர்த்த நூல் 1826 இல் சென்னையில் வெளிவந்தது.

ஐரோப்பாவில்

பிரெஞ்சுக் கவிஞர் லா பொந்தேன் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கதையைச் செய்யுளாக்கினார். எலியைப் பூனையும் பூனையை நாயும் வெல்லும்; இவ்வரிசை நீண்டால் மீண்டும் கதிரவனிடமே சென்று முடியும் என அவர் இதன் தருக்கத்தை எள்ளினார். எனினும் இயல்பு மாறாது என்னும் முடிவை அவர் மறுக்கவில்லை.

கிழக்காசியாவில்

ஜப்பானிய வாய்மொழிக் கதையில் மணமகள் தொடக்கத்திலிருந்தே எலியாவாள். மலையின் இடத்தில் சுவர் வருகிறது. கொரியக் கதையில் எலிக்குப் பதிலாக அகழெலியும், மலைக்குப் பதிலாகக் கற்சிலையும் இடம்பெறுகின்றன.

படநூல்களில்

ஜப்பானில் அக்காஹோன் எனப்படும் சிறுவர் படநூல்களில் எலித் திருமணம் விருப்பமான பொருளாக இருந்தது. மனிதரைப் போல் உடையணிந்த எலிகள் பெண் பார்த்தல், சீர்வரிசை, பல்லக்கு ஊர்வலம் முதலிய சடங்குகளை நிகழ்த்துவதாக இவை வரையப்பட்டன. வெள்ளெலி செல்வக் கடவுளான டைக்கோக்குவின் தூதர் என்பதால் இத்திருமணம் மங்கலமாகக் கருதப்பட்டது.

டோக்கியோவைச் சேர்ந்த ஹசெகாவா டகெஜிரோ 1885 இல் இதனைச் சுருக்கத் தாளில் வண்ணப் படங்களுடன் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மரக்கட்டை அச்சில் பதித்த பின் துணிபோல் மென்மையாகுமாறு சுருக்கப்பட்ட தாள் இதுவாகும். இந்நூலில் கதிரவனைத் தேடும் பகுதி இல்லை. இரு எலிக் குடும்பங்களின் மணவிழா மட்டுமே உள்ளது. பஞ்சதந்திரத்தில் பிறப்பின் எல்லையை உணர்த்தும் திருமணம், இங்கு அறிவுரை ஏதுமற்ற கொண்டாட்டமாகிறது.