உள்ளாட்சிப் பொதுப் பணி, கேரளம்

கேரளத்தின் உள்ளாட்சி ஊழியர்களை ஒரே பணியமைப்பில் இணைத்த ஏற்பாடு. ஊராட்சி, ஊரக வளர்ச்சி, நகர்ப்புற விவகாரம், நகர ஊரமைப்பு, பொறியியல் ஆகிய ஐந்து துறைகள் 2022-இல் ஒன்றாயின. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டம் மாநிலத் திட்ட நிதியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது; அதைச் செலவிடும் ஊழியர்களோ தனித்தனித் துறைகளில் பிரிந்து கிடந்தார்கள். ஊராட்சியில் சேர்ந்தவருக்கு நகராட்சிக்குள் உயரும் வழி குறுகலாக இருந்தது. திறமையுள்ள இளைஞர் ஒரு வேலையைத் தேர்வதும் அதில் நிலைப்பதும் சம்பளத்தை மட்டும் பொறுத்தவை அல்ல. பத்தாண்டு கழித்து எங்கே இருப்போம் என்பதும் கணக்கில் வரும். அந்த உயர்வு வழியைத் திறப்பதே இணைப்பின் உண்மையான பலன்.

தனித்திறன் கரைந்துவிடும் என்ற ஆட்சேபம் எளிதில் தள்ளத்தக்கதல்ல. ஆனால் பொறியியலும் ஊரமைப்பும் பொதுப் பணிக்குள்ளேயே தனிப் பிரிவுகளாகத் தொடர்கின்றன. திருச்சூரை அடுத்து இயங்கும் கிலா என்னும் உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனமும் ஊழியர்களோடு மக்கள் பிரதிநிதிகளுக்கும் பயிற்சி தருகிறது. மாநிலம் முழுதும் இடமாற்றம் நடந்தால் ஊரை அறிந்த ஊழியர் கிடைக்கமாட்டார் என்பதே வலுவான மறுப்பு. ஓரிடத்தில் குறைந்தபட்சப் பணிக்காலத்தை உறுதிசெய்யாதவரை அதற்கு முழுப் பதில் இல்லை.