மினி தானுந்தில் துருப்பிடித்தல்

மினி தானுந்தில் துருப்பிடித்தல் என்பது 1959 முதல் 2000 வரை பிரித்தானியாவில் தயாரிக்கப்பட்ட மினி என்னும் சிறிய தானுந்தின் உருக்குத் தகட்டு உடல் அரிக்கப்படுவதைக் குறிக்கும். அலெக் இசிகோனிசு வடிவமைத்த இவ்வண்டி ஏறத்தாழ 53 இலட்சம் எண்ணிக்கையில் உற்பத்தியானது. பொறி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் இற்றுப்போய்க் கழிக்கப்பட்ட மினிகள் பல.

துரு உண்டாகும் முறை

இரும்பு, நீர், உயிர்வளி ஆகிய மூன்றும் சேரும்போது நீரேறிய இரும்பு ஆக்சைடு உண்டாகிறது, இதுவே துரு. பனிக்காலத்தில் பிரித்தானியச் சாலைகளில் தூவப்படும் உப்பு நீரில் கரைந்து அதன் மின்கடத்துதிறனைக் கூட்டுவதால் அரிப்பு விரைவடைகிறது. துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு கனவளவு உடையது. எனவே அது பூச்சை அடியிலிருந்து தூக்குகிறது. வெளியே சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு பெரும்பாலும் ஓட்டையாகியிருக்கும்.

மினியில் துரு பிடிக்கும் இடங்கள்

மினிக்குத் தனிச் சட்டகம் இல்லை. தகட்டு உடலே பாரத்தைத் தாங்குகிறது. முன்னும் பின்னும் உள்ள இரு துணைச் சட்டகங்கள் அவ்வுடலுடன் திருகாணிகளால் இணைக்கப்பட்டுள்ளன. பின் துணைச் சட்டகத்தின் மீது சக்கரங்கள் சேற்றையும் உப்பு நீரையும் ஓயாது வாரியடிக்கின்றன. பின் சக்கரங்களின் தொங்கல் அமைப்பு முழுவதையும் தாங்குவது இதுவே என்பதால், இது இற்றுப்போவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

தகடுகளின் விளிம்புகள் வெளிப்புறமாக மடித்துப் பற்றவைக்கப்பட்டமையால் அவ்விடுக்குகளில் நீர் தங்கும். கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவப் பகுதியான 'சில்', முன் விளக்குகளைச் சுற்றிய பகுதி, பின் பெட்டியில் மின்கலம் வைக்கும் குழி ஆகியனவும் எளிதில் அரிக்கப்படும். 1959 இல் வெளிவந்த முதல் வண்டிகளில் தரைத்தகடுகள் தவறான திசையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்ததால் மழைநீர் உள்ளேயே புகுந்தது. இக்குறை பின்னர் திருத்தப்பட்டது.

பூச்சு

வெயிலின் புற ஊதாக் கதிர்களால் வண்ணம் மங்குவது, குறிப்பாகச் சிவப்பு வெளிறுவது, பெரும்பாலும் தோற்றக் குறையே. கல் தெறித்து உருக்கு வெளிப்படுவதே கவலைக்குரியது. இக்காலத் தானுந்துகளின் பல அடுக்குப் பூச்சின் மொத்தத் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. துத்தநாகம் பூசிய தகடும், மின்முறையில் படிய வைக்கப்படும் அடிப்பூச்சும் பரவலானபின் பொதுவாகவே தானுந்துகளில் துரு வெகுவாகக் குறைந்தது.

பழுதுபார்த்தல்

இற்ற தகட்டை வெட்டியெடுத்துப் புதிய தகட்டைப் பற்றவைப்பதே முறையானது. பட்டி பார்த்து, மேலே வண்ணம் அடித்து மறைப்பதும் உண்டு. காந்தத்தை வைத்தால் பட்டி இருக்கும் இடத்தில் அது ஒட்டாது. பழைய மினி வாங்குவோர் கையாளும் எளிய சோதனை இது. பழைய சில்லின் மீதே அகலமான புதிய தகட்டைப் போர்த்துவது மற்றொரு தவறான வழக்கம். வடிகால் துளைகள் அடைபட்டு, உள்ளே நீர் தேங்கி, துரு முன்னிலும் வேகமாகப் பரவும்.

பிரித்தானியாவின் ஆண்டுத் தகுதிச் சோதனையில், தொங்கல் அமைப்பு, இருக்கைப் பட்டி போன்றவை பொருத்தப்படும் இடங்களிலிருந்து 30 செ.மீ. தொலைவுக்குள் கடும் அரிப்பு இருப்பின் வண்டி தேறாது. அங்கு பட்டி ஏற்கப்படுவதில்லை. பெரிதும் மாற்றியமைக்கப்படாத, 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2018 முதல் இச்சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. ஆதலால் அவற்றின் அடிப்பகுதியை ஆராய்வது உரிமையாளரின் பொறுப்பாகிவிட்டது.